கடன் கொடுத்தவரும் கடன் கொண்டவரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரன் ஆற்றை அறியான். கிணற்றை நம்பியே பயிர் செய்தான். துலாவில் ஏறி ஒருவர் மிதிக்க, கீழே நின்று ஒருவர் பட்டை பிடிக்க, தோட்டத்தில் வேறொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். இவ்வளவு உழைப்பும் புகையிலைக்கே பெரும்பாலும் சென்றது. கன்று நட்ட நாள் தொட்டு, இலையைப் பாடம் போட்டுத் திருவிதாங்கூருக்குக் கப்பலேற்றும் நாள்வரை கையிற் காசு கிடையாது. எருவுக்கும் கூலிக்கும் முற்பணம் தந்த வியாபாரியே விளைவின் விலையையும் தீர்மானித்தான். கடன் தீராதபோது காணி ஈட்டுக்குப் போயிற்று; பின்னர் அறுதியாயிற்று. அக்காணி மகளுக்குச் சீதனமாக வைத்திருந்த துண்டாகவும் இருக்கும். ஆதலால், ஒரு போகத்துக் கடன் அடுத்த தலைமுறையின் வாழ்வையும் தொட்டது.

இந்நோய்க்குரிய மருந்து வெகு தொலைவில் ஆக்கப்பட்டது. 1846-47இல் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் பஞ்சம் வந்தபோது, வையர்புஷ் என்னும் ஊரின் நிருவாகியாயிருந்த ரைபைசன், வசதியுள்ளோரைச் சேர்த்து ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். 1849இல் பிளாமர்ஸ்பெல்ட் என்னும் ஊரில் கால்நடை வாங்கக் கடனுதவினார். இவை நற்செயல்களே, ஆயினும் கொடுப்போர் ஒரு சாராரும் கொள்வோர் வேறு சாராருமாக நின்றமையால், கொடுப்போரின் ஊக்கம் தளர்ந்ததும் வேலையும் தளர்ந்தது. 1864இல் ஹெடஸ்டார்பில் அமைத்த சங்கத்தில் அவர் முறையை மாற்றினார். கடன் கொள்வோரே அங்கத்தவராயினர். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பாயினர். தருமம் என்ற சொல் அங்கே விடைபெற்றது.

சென்னை அரசின் பொருட்டு இம்முறையை ஆராய்ந்த நிக்கல்சனின் அறிக்கை 1890களில் வெளிவந்தது. 1904இல் இந்தியாவிலும், 1911இல் இலங்கையிலும் சட்டங்கள் பிறந்தன. ஊர் தோறும் ஐக்கிய நாணய சங்கம் தோன்றலாயிற்று. பெயரிலுள்ள நாணயம் காசையும் குறிக்கும், சொல் தவறாமையையும் குறிக்கும். பெயரிட்டவர் தமிழறிந்தவர் போலும்.

இச்சங்கத்துக்குக் காணி உறுதி பெரிதன்று. அயலவர் பிணையே பெரிது. இன்னான் எருவுக்கென்று வாங்கிய பணம் எருவுக்கே போயிற்றா, கலியாணச் செலவுக்குப் போயிற்றா என்பதைக் கச்சேரி உத்தியோகத்தர் அறியார். வேலிக்கு அப்பாலிருப்பவர் அறிவார். கணக்கெழுதும் வேலை பல ஊர்களில் பள்ளிக்கூட ஆசிரியர் தலையில், சம்பளமின்றி, விழுந்தது. கடனோடு நில்லாது, புகையிலையைச் சேர்ந்து விற்கவும், மூளாயில் மக்களே ஓர் ஆசுபத்திரி நடத்தவும் 1930களில் யாழ்ப்பாணத்தார் துணிந்தனர்.

குறையும் இருந்தது. அயலவர் நம்பிக்கை அயலின் வேற்றுமைகளையும் உடன்கொண்டு வந்தது. சாதி சங்கத்துப் படலைக்கு வெளியே நின்றுவிடவில்லை; காணியற்ற கூலியாளுக்குப் பிணை நிற்பார் அரியர். பிடியரிசி சேர்த்தும் சீட்டுக் கட்டியும் சிக்கனத்தைக் கற்றுத் தேர்ந்த பெண்கள், நிருவாக சபைகளிற் பெரிதும் காணப்படவில்லை.

யுத்தகாலத் தட்டுப்பாட்டில், 1942 முதல், பங்கீட்டு அரிசியும் சீனியும் தரும் பண்டகசாலைகள் பெருகின. 1957இல் பலநோக்குச் சங்கங்கள் எழுந்தன. 1971இல் சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. பொருள் வழங்கலில் இவை செய்த தொண்டு சிறிதன்று. எனினும் பணம் மேலிருந்து வந்தபோது, அது அரசாங்கப் பணமாயிற்று. அரசாங்கப் பணத்தைத் திருப்பிக் கொடாதவனை அயலவர் கேட்பதில்லை. பழைய நாணய சங்கங்கள் பல உறங்கின. 1978இல் கேகாலை மாவட்டத்து வல்கமவில் கிரிவந்தெனிய அவற்றை எழுப்ப முயன்றார். சனச இயக்கம் அவ்வாறு வளர்ந்தது. அதிற் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர்.

2009இல் போர் முடிந்தபின், வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த நுண்கடன் நிறுவனங்களும் பெண்களையே குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்தன. கோழி வளர்ப்புக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் பணம் கிடைத்தது. முறை ரைபைசனுடையது போலவே தோன்றும். ஆனால் பணம் குழுவினருடையதன்று. வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுக்கில்லை. வட்டி ஊருக்குள் தங்கவுமில்லை. வாராந்தத் தவணை தவறியவள் வீட்டு வாசலில், பிணை நின்ற அயற்பெண்களே நின்று பணம் கேட்க நேர்ந்தது. 2018இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஓரிலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது.