காலியாக நிற்கும் எம்.சிஎச். இடங்கள்: இதய அறுவைத் துறையும் இளம் மருத்துவர்களின் கணக்கும்

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையை 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார். அந்த இதய அறுவைத் துறையின் எம்.சிஎச். என்னும் உயர்சிறப்பு மேற்படிப்பு இடங்கள் பல, இன்று கலந்தாய்வின் கடைசிச் சுற்றுவரை ஆளின்றி நிற்கின்றன. இளம் மருத்துவர்கள் உழைக்கத் தயங்குகிறார்கள் என்று மூத்தோர் சொல்லும் காரணம் ஆய்வுக்கு நிற்காது. இளையோர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யூராலஜியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். இரண்டுக்கும் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று, எம்.சிஎச். மூன்று, நீட்-எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வும் ஒன்றே. ஆயினும் முன்னணித் தரவரிசையினர் யூராலஜியை நாடுகிறார்கள். ஆகவே படிப்பின் நீளம் மட்டும் காரணமாகாது.

வேறுபாடு படிப்புக்குப் பிந்தைய வாழ்வில் இருக்கிறது. சிறுநீரகக் கல்லோடு வருபவர் நேரே யூராலஜிஸ்டிடம் வரலாம். சிறு நகர மருத்துவமனையிலும் யூராலஜிஸ்டின் தொழில் நடக்கும். இதய அறுவையாளருக்கோ இதய-நுரையீரல் இயந்திரமும் அதை இயக்குபவரும் இதய மயக்கவியல் நிபுணரும் தீவிர சிகிச்சைக் குழுவும் வேண்டும். நோயாளியும் பெரும்பாலும் கார்டியாலஜிஸ்ட் வழியாகவே வருகிறார். 1977இல் குரூன்ட்சிக் தொடங்கிய பலூன் சிகிச்சை, 1986இல் வந்த ஸ்டென்ட், 2002இல் கிரிபியே நெஞ்சைத் திறக்காமல் பொருத்திய பெருந்தமனி வால்வு என ஒவ்வொன்றும் அறுவையாளரின் மேசைக்கு வரவேண்டியவர்களில் ஒரு பகுதியினரைக் கார்டியாலஜிஸ்டின் கதீட்டர் அறைக்குத் திருப்பியது.

அப்படியானால் துறைக்கே எதிர்காலம் இல்லையா? அமெரிக்க அனுபவம் அந்த முடிவுக்கு இடந்தரவில்லை. இதே கதீட்டர் போட்டியால் அங்கும் 2000களில் விண்ணப்பங்கள் சரிந்தன. இதய அறுவையாளருக்குப் பொது அறுவைச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி 2003இல் நீக்கப்பட்டது. பின்னர் மருத்துவப் பட்டம் முடித்தவுடனே சேரக்கூடிய ஆறாண்டு ஒருங்கிணைந்த பயிற்சி வந்தது.  இடங்கள் குறைவு என்பதும் ஒரு காரணமே என்றாலும், அப்பயிற்சிக்கு இன்று கடும் போட்டி நிலவுகிறது.

இந்தியாவிலும் எம்.பி.பி.எஸ். முடித்தவர் நேரடியாகச் சேரும் டி.ஆர்.என்.பி. என்னும் ஆறாண்டு உயர்சிறப்புப் படிப்பு உண்டு. ஆனால் மாணவப் பருவத்தில் இதய அறுவை அரங்கையே சரிவரப் பார்த்திராதவர், இருபத்துநான்கு வயதில் ஆறாண்டை அதற்கு எழுதிக்கொடுப்பது கடினம். பாதையைக் குறுக்குவது பாதித் தீர்வுதான்.

தகுதி மதிப்பெண்ணைத் தளர்த்திச் சிறப்புச் சுற்று நடத்துவது இடத்தை நிரப்பலாம், விருப்பத்தை உண்டாக்காது. பயிற்சி முடித்தவர் தன் கையால் முதன்மையாகச் செய்த அறுவைகள் எத்தனை, அதன்பின் எங்கே பணியில் இருக்கிறார் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே ஒவ்வொரு துறையும் வெளியிட வேண்டும். அந்த எண்களைக் காட்டக் கூசும் துறை, காலியிடத்துக்கு மாணவரைக் குறை சொல்ல முடியாது.