மேளக்காரர் பேர் என்ன?

போன சனிக்கிழமை ஓசூர்ல நல்ல மழை. கரண்ட் போறதுக்குள்ள ஒரு படமாவது பார்த்துடலாம்னு நானும் ஆபீஸ் நண்பன் ஒருத்தனும் உட்கார்ந்தோம். பார்த்த படம் ‘சிங்கிங் இன் தி ரெயின்’ (1952). மழைக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு :-)

கதை நடக்கறது 1927ல, ஊமைப்படம் போய் பேசும்படம் வர்ற நேரம். கதாநாயகி லீனாவுக்கு அழகு உண்டு, குரல் கர்ணகடூரம். கேத்திங்கிற புதுப்பொண்ணு மறைவா நின்னு குரல் கொடுக்கறா. நாயகனுக்கோ கேத்தி மேல காதல். கடைசியில லீனா மேடையில வாயசைக்கும்போது திரையை இழுத்துடறாங்க. பின்னாடி மைக் முன்னால நிக்கற கேத்தியை மொத்த அரங்கமும் பார்க்குது.

கூத்து என்னன்னா, கேத்தியா நடிச்ச டெபி ரெனால்ட்ஸுக்கே சில இடங்கள்ல பாடினது பெட்டி நாய்ஸ்ங்கிற பாடகி. டைட்டில்ல அவங்க பேர் கிடையாது. குரல் திருட்டைக் கேலி பண்ணின படமே ஒரு குரலை மறைச்சிருக்கு!

நம்ம ஊர்ல இது அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே நடந்த சங்கதி. 1945ல வந்த ‘ஸ்ரீவள்ளி’யில வள்ளியா நடிச்சவர் குமாரி ருக்மிணி. அவர் பாடினது ஏவி.எம். செட்டியாருக்குத் திருப்தியா இல்லை. படம் எடுத்து முடிச்ச பிறகு பி.ஏ.பெரியநாயகியைப் பாட வெச்சு, ருக்மிணியோட உதட்டசைவுக்குப் பொருத்திட்டார். படம் சக்கைப்போடு போட்டுச்சு.

மேடைக்குப் பின்னால நடக்கற காதல்னு சொன்னா நமக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’தான். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ங்கிற புனைபெயர்ல, கோபுலுவின் ஓவியங்களோட ஆனந்த விகடன்ல எழுதின தொடர்கதை. 1968ல ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரம், நாட்டியக்காரி மோகனா, நடுவுல வைத்தி. சிவாஜியோட கன்னம் உப்பறதையும் விரல் ஓடறதையும் பார்த்தா அவர் வாசிக்கலைன்னு சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டோம். ஆனா அந்த மூச்சு மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களோடது. மேடையில சிவாஜி பக்கத்துல ஏ.வி.எம்.ராஜனும் ஊதறாரே, அந்த ஜோடி நாதஸ்வரமும் இவங்கதான்.

அதுக்கு முன்னாடி 1962ல ‘கொஞ்சும் சலங்கை’. ஜெமினி கணேசன் கையில நாதஸ்வரம், ஊதினது காருகுறிச்சி அருணாசலம். ரெண்டே வருஷத்துல அவர் காலமாயிட்டார். இதைச் சொன்னதும் என் கன்னடக்கார நண்பன் விடுவானா? “எங்க ‘சனாதி அப்பண்ணா’ தெரியுமா? 1977, ராஜ்குமார் படம். ஷெனாய் வாசிச்சது பிஸ்மில்லா கான்”னான். பார்டருக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான்.

இவங்கல்லாம் பெரிய வித்வான்கள். படம் மறைச்சாலும் கச்சேரியும் இசைத்தட்டும் பேரைக் காப்பாத்திடுச்சு. மத்தவங்க?

இங்கதான் எனக்கு உறுத்துது. என் தங்கச்சி கல்யாணம் ஓசூர்லதான் நடந்தது. விடிகாலை நாலு மணிக்கே ஒரு பெரியவர் சீவாளியை நனைச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். முகூர்த்தம் முடியற வரைக்கும் வாசிச்சார். அப்புறம் வீடியோ வந்தது. அதுல அவர் ஊதறார், சத்தம் மட்டும் ஏதோ சினிமா நாதஸ்வரம். “இப்படிப் போட்டா எடுப்பா இருக்கும் சார்”னாங்க. “சூப்பர்”னு ஓகே சொன்னது நான்தான். ருக்மிணிக்கு செட்டியார் செஞ்சதை நான் அந்தப் பெரியவருக்குச் செஞ்சிருக்கேன். செட்டியாருக்காவது குரல் சரியில்லைன்னு ஒரு காரணம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

படம் முடிஞ்ச ராத்திரியே அப்பாவோட கல்யாணக் கணக்கு நோட்டைத் தேடி எடுத்தேன். சமையல்காரர் பேர் இருக்கு. பந்தல்காரர் பேர் இருக்கு. ஐயர் பேரும் போன் நம்பரும் இருக்கு. ஒரு வரியில ‘மேளம்’, பக்கத்துல தொகை. அவ்வளவுதான்.

“பேர் என்னப்பா?”ன்னு கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சார். “நல்லா வாசிச்சாருடா”ன்னார்.

உங்க வீட்டுக் கல்யாணத்துல வாசிச்சவர் பேர் ஞாபகம் இருக்கா மக்களே?