ஒரு ஜோடி காலணியும் பதினான்கு ஆண்டு வழக்கும்



சென்ற ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன், தருமபுரி நான்கு ரோடு அருகே ஆயத்த ஆடைக் கடை நடத்தும் நம் மஹல்லாவாசி ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். உள்ளாடை நிறுவனமொன்று சரக்கோடு சேர்த்துச் சுவரொட்டிகளையும் ஆளுயர அட்டைப் படங்களையும் அவருக்கு அனுப்பியிருந்தது. அவற்றைக் கடை முகப்பில் வைத்தால் கொள்முதலில் தனித் தள்ளுபடி உண்டாம். "படத்தை மடித்து உள்ளே போட்டுவிட்டுத் தள்ளுபடியை மட்டும் வாங்கிக்கொண்டால் அது மோசடி ஆகுமா ஹஜ்ரத்?" என்றார்.

ஆகும் என்று உடனே கூறிவிட்டோம். ஒப்புக்கொண்ட நிபந்தனையை மறைத்து ஆதாயம் பெறுவது கூடாது; அதில் ஐயமில்லை. அவருடைய அடுத்த கேள்விதான் நம்மை நிறுத்தியது. "அத்தா காலத்தில் கடையில் ஒரு காலண்டர் தொங்கும், அவ்வளவுதான். சட்டை விற்க, செருப்பு விற்க உடம்பைக் காட்டும் இந்தப் பழக்கம் எப்போது வந்தது?" அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் தேடிப் படித்தறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

காலண்டரிலிருந்தே தொடங்கலாம். 1894இல் ராஜா ரவிவர்மா மும்பையில் ஓர் அச்சகத்தைத் தொடங்கினார். அதுவரை அரண்மனைச் சுவர்களில் மட்டும் இருந்த அவருடைய ஓவியப் பெண்கள், வண்ண அச்சில் சாமானியர் வீடுகளுக்கும் வந்தனர். வணிகர்கள் அப்படங்களின் கீழே தம் சரக்கின் பெயரை அச்சிட்டு வழங்கினர். ஆகவே பொருளை விற்பதற்குப் பெண்ணின் உருவத்தைத் துணைக்கு அழைப்பது நம் நாட்டில் நூறாண்டுகளைத் தாண்டிய வழக்கம். எனினும் அத்தா காலத்துக் காலண்டருக்கும் இன்றைய அட்டைப் படத்துக்கும் இடையே பெரியதோர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி ஐரோப்பாவில் உருவானது.

1960களிலும் 70களிலும் பாரிஸ் நகரத்து ஃபேஷன் இதழ்களில் இருவர் புகழ் பெற்றனர். ஒருவர் ஹெல்முட் நியூட்டன்; 1920இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1938இல் நாட்டை விட்டு வெளியேறியவர். மற்றவர் கி பூர்தான், பிரெஞ்சுக்காரர். உடை அழகாக இருக்கிறதா என்பதைக் காட்டுவதே அதுவரை ஃபேஷன் புகைப்படத்தின் வேலையாக இருந்தது. இவர்கள் அதை மாற்றினர். செல்வச் செழிப்பு, இச்சை, ஆபத்து மூன்றையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்தனர். பூர்தான் 1967 முதல் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஷார்ல் ஜூர்தான் என்னும் காலணி நிறுவனத்துக்குப் படமெடுத்தார். 1975இல் வந்த அவருடைய விளம்பரம் ஒன்றில் பெண்ணே இல்லை. சாலையில் இறந்து கிடந்தவளின் உருவம் சாக்கட்டியால் வரையப்பட்டிருக்கும். அருகே இரத்தக் கறை. சிதறிக் கிடக்கும் ஒரு ஜோடி காலணி. ஒரு விபத்தை, அல்லது கொலையை, செருப்புக்கு அலங்காரமாக்கிய படம் அது. பார்ப்பவர் திடுக்கிட வேண்டும், திரும்பவும் பார்க்க வேண்டும். அதற்காகவே அது எடுக்கப்பட்டது.

இந்தப் பாணி இந்தியாவுக்கு வரப் பொருளாதாரக் கதவு திறக்க வேண்டியிருந்தது. 1991இல் அது திறந்தது. அயல்நாட்டு நிறுவனங்களும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் வந்தன. அதே ஆண்டில் ஒரு கருத்தடைச் சாதனத்துக்கு வெளியான விளம்பரப் படங்கள் நாடெங்கும் சர்ச்சையாயின. அவற்றை எடுத்தவர் பிரபுத்த தாஸ்குப்தா. 1956இல் பிறந்த இவர் சிற்பி பிரதோஷ் தாஸ்குப்தாவின் மகன்; கல்லூரியில் வரலாறு படித்தவர்; விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்து, கேமராவைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். 2012இல் இறந்தார். அவரைத் திறமையற்றவர் என்று எவரும் கூறியதில்லை. நாமும் கூற மாட்டோம். திறமை இருந்ததால்தான் இக்கேள்வி கடினமாகிறது.

1995இல் அவர் 'டஃப்' என்னும் ஷூவுக்கு ஒரு விளம்பரப் படம் எடுத்தார். 1992இல் இந்திய அழகியாகத் தேர்வான மது சாப்ரேவும், மாடல் மிலிந்த் சோமனும் அதில் நின்றனர். காலில் ஷூ உண்டு, உடலில் ஆடை இல்லை. இருவரையும் ஒரு மலைப்பாம்பு சுற்றியிருந்தது. மேற்கொண்டு அப்படத்தை நாம் வருணிக்கப் போவதில்லை. பிள்ளைகளும் படிக்கும் பக்கம் இது.

மும்பைக் காவல்துறை வழக்குப் பதிந்தது. மாடல்கள், புகைப்படக் கலைஞர், விளம்பர நிறுவனம், வெளியிட்டவர்கள் எனப் பலர் குற்றம் சாட்டப்பட்டனர். மலைப்பாம்பைப் பயன்படுத்தியதற்காக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தனி வழக்கும் வந்தது. பாம்பின் சார்பில் ஒரு வழக்கு என்று நம் மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தனர். நகைக்க வேண்டாம் என்றோம். பேச இயலாத உயிருக்கும் உரிமை உண்டென்று கற்பித்த மார்க்கத்தில் அல்லவா இருக்கிறோம். ஆபாச வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2009இல், பதினான்கு ஆண்டுகள் கழித்து, குற்றம் சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர்.

அக்காலத்துச் சட்டம் எத்தகையது என்பதையும் அறிய வேண்டும். 1986இல் பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முதன்முறை தண்டிக்கப்படுபவருக்கு இரண்டாண்டு வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். பெயரிலேயே உள்ளபடி அது பெண்ணின் உருவத்தைப் பற்றியே பேசுகிறது. டஃப் படத்தில் ஆணும் ஆடையின்றித்தான் நின்றார். அச்சட்டத்தின் சொற்களில் அவருடைய உடலுக்கு இடமில்லை.

அதற்கு முன்பிருந்தே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவும் இருந்தது. அதன் புகழ்பெற்ற வழக்கு மும்பையில் ஒரு சிறு புத்தகக் கடையில் தொடங்கியது. லாரன்ஸ் எழுதிய ஆங்கில நாவலொன்றை விற்றதற்காக, ரஞ்சித் உதேஷி என்னும் கடைக்காரரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1964இல் உறுதி செய்தது. எழுதியவர் என்றோ இறந்துபோயிருந்தார், அச்சிட்டவர் அகப்படவில்லை, கடையில் வைத்து விற்றவர் அகப்பட்டார். தீய எண்ணத்துக்கு இடங்கொடுக்கும் மனங்களை இது கெடுக்குமா என்னும் 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேய அளவுகோலையே நம் நீதிமன்றமும் அப்போது கையாண்டது. அந்த அளவுகோல் விலகியது 2014இல். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தம் வருங்கால மனைவியோடு ஆடையின்றி நின்ற படத்தை, ஒரு ஜெர்மானிய இதழிலிருந்து எடுத்துக் கொல்கத்தா ஏடுகள் 1993இல் வெளியிட்டிருந்தன. அவர் வெள்ளையர், அப்பெண் கறுப்பினத் தந்தைக்குப் பிறந்தவர். நிற வெறிக்கு எதிராகவே அப்படம் எடுக்கப்பட்டது. படத்தைத் தனியே பார்க்கக் கூடாது, சூழலோடும் இன்றைய சமூகத்தின் அளவீட்டோடும் பார்க்க வேண்டும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆடையின்மை மட்டுமே ஆபாசம் ஆகிவிடாது என்பது இன்றைய சட்ட நிலை.

சட்டம் அங்கே நிற்கட்டும். நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1996 நவம்பரில் உலக அழகிப் போட்டி பெங்களூருவில் நடந்தது. அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியவில்லை. ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். ஆகவே அது நம் மாவட்டத்தின் வாசலில் நடந்த நிகழ்ச்சி. அமிதாப் பச்சனின் நிறுவனம் ஏற்பாடு செய்தது. இடதுசாரி மாதர் அமைப்பினர் ஒருபுறமும் இந்துத்துவ அமைப்பினர் மறுபுறமும் எதிர்த்தனர். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிரிழந்தார். நீச்சலுடைச் சுற்று இந்தியாவில் வேண்டாம் என்று செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. மற்றச் சுற்றுகள் பலத்த காவலுக்கிடையே சின்னசாமி மைதானத்தில் நடந்தேறின.

நமக்கு அப்போது பதினாறு வயது, மதரஸா மாணவர். பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் நாளிதழ் வாசிப்போம். எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றிய செய்தியின் பக்கத்திலேயே நீச்சலுடைப் படம் அச்சாகியிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. செய்தியைப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு நாம் எதைப் பார்த்தோம் என்பதும் நினைவிருக்கிறது. அல்லாஹ் மன்னிப்பானாக.

சில ஆண்டுகள் கழித்து நாம் செய்த முதல் ஜும்ஆ பயான்களுள் ஒன்று விளம்பரங்களைப் பற்றியது. அரை மணி நேரம் பேசினோம். பெண்கள், பெண்களின் உடை, பெண்கள் கெட்ட விதம், வேறொன்றும் இல்லை. பள்ளிவாசல் நிறைய ஆண்கள் அமர்ந்து தலையாட்டினர். அவர்களுள் ஒருவரிடமும் அவருடைய கண்ணைப் பற்றி ஒரு சொல் கேட்டோமில்லை. மும்பையில் ஒரு நீதிமன்றம் பதினான்கு ஆண்டுகள் செய்ததையே நாமும் மிம்பரில் செய்தோம்: பார்க்கப்பட்டவளை விசாரித்தோம், பார்த்தவனை விட்டுவிட்டோம். விற்றவனோ நம் நினைவுக்கே வரவில்லை.

ஸூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30ஆம் வசனத்தில் இறைநம்பிக்கை கொண்ட ஆண்களுக்கு வருகிறது. பெண்களுக்குரிய கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில்தான். இந்த வரிசையை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்தும் அன்று நாம் கவனிக்கவில்லை. புகாரியில் பதிவான ஒரு நிகழ்வும் உண்டு. இறுதி ஹஜ்ஜின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் (ரலி) அமர்ந்திருந்தார், இளைஞர். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர், முதுமையடைந்த தம் தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று கேட்க வந்தார். ஃபழ்ல் அப்பெண்ணைப் பார்க்கத் தொடங்கினார். நபியவர்கள் தம் கையால் ஃபழ்லின் முகத்தை மறுபுறம் திருப்பினார்கள். அப்பெண்ணின் கேள்விக்கு, செய்யலாம் என்று விடையும் அளித்தார்கள். இதிலிருந்து இமாம்கள் பல சட்டங்களை எடுத்துள்ளனர். அவற்றுள் இங்கே இறங்கவில்லை. திருப்பப்பட்டது யாருடைய முகம் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பெண்கள் புர்கா அணிந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று கருதுவோர் நம்மில் பலர். அவர்களுக்காக இன்னொரு வரலாறு. 2016 ஜனவரியில் இத்தாலியின் டோல்சே அண்ட் கபானா நிறுவனம் அபாயாக்களும் ஹிஜாப்களும் விற்பனைக்கு அறிவித்தது. சரிகை வேலைப்பாடு, பெரிய கைப்பை, கறுப்புக் கண்ணாடி, அதே பளபளப்புப் படங்கள். கென்யாவின் ககுமா அகதி முகாமில் பிறந்த சோமாலிய வம்சப் பெண் ஹலீமா ஏடன், ஹிஜாபோடு மாடலிங் செய்து உலகப் புகழ் பெற்றார். 2019இல் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் நீச்சலுடைச் சிறப்பிதழில், முழு உடலையும் மூடும் புர்கினியோடு தோன்றினார். உடல் மூடியிருந்தது, படம் வந்த இடம் எது என்று பாருங்கள். 2020 நவம்பரில் அவர் அத்தொழிலை விட்டார். தலைத்துணிக்குப் பதிலாகத் தம் தலையில் ஜீன்ஸைச் சுற்றிப் படமெடுத்ததை அப்போது அவரே வருத்தத்தோடு குறிப்பிட்டார். துணி கூடியபோதும் குறைந்தபோதும் அந்தக் கேமரா தேடியது ஒன்றையே என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் விலகிய செய்தியை மதரஸாவில் பேசியபோது, ஒரு மாணவி எழுந்து, "அவரை விலகச் சொன்னீர்கள் என்றால், அதைப் பார்த்தவர்களை என்ன சொல்வீர்கள் உஸ்தாத்?" என்றாள். நாம் விலகச் சொல்லவில்லை, அவரே விலகினார் என்று சமாளித்தோம். அவள் திருப்தியடையாமல் உட்கார்ந்தது தெரிந்தது.

கடைக்காரச் சகோதரர் அந்த நிறுவனத்தின் பிரதிநிதியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார்: படம் வைக்க மாட்டேன், தள்ளுபடியும் வேண்டாம். பெருநாள் விற்பனையில் அது அவருக்குச் சிறிய தொகையன்று. சரக்கு மட்டும் இப்போதும் வருகிறது.

ஷவ்வாலில் மீண்டும் அழைத்தார். இம்முறை ஒரு புர்கா நிறுவனம் பதாகை அனுப்பியிருந்தது. போய்ப் பார்த்தோம். தலை முதல் கால் வரை கறுப்புத் துணி, முகத்தில் சாயம், பாதி மூடிய கண்கள் பார்ப்பவரை அழைத்தன. "இது நம் ஆள்களுடைய கம்பெனி ஹஜ்ரத். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

படம் வேண்டாம், விற்பது துணிதானே, துணியையே முகப்பில் தொங்கவிடுங்கள் என்றோம். நெடுஞ்சாலைப் புழுதியில் கறுப்புத் துணி ஒரே நாளில் வெளுத்துவிடும் என்றார். வியாபாரம் அவருக்குத்தான் தெரியும். இப்போது காலையில் கடை திறந்ததும் இரண்டு அபாயாக்களை வெளியே மாட்டுகிறார். லுஹருக்குப் பாங்கு சொன்னதும் தட்டி உதறி உள்ளே எடுத்துவிடுகிறார்.