கப்பல் சமநிலை நீர்

கப்பல் சமநிலை நீர் என்பது சரக்கின்றியோ குறைந்த சரக்குடனோ செல்லும் கப்பல் நிலைதடுமாறாதிருக்க அதன் தொட்டிகளில் நிரப்பப்படும் நீர் ஆகும். கப்பல் துறையில் இது பேலஸ்ட் நீர் என வழங்கப்படுகின்றது. சரக்கை இறக்கும் துறைமுகத்தில் நிரப்பப்படும் இந்நீர், சரக்கை ஏற்றும் துறைமுகத்தில் வெளியேற்றப்படுகின்றது. இதனுடன் நுண்ணுயிரிகளும் சிப்பி, நண்டு போன்றவற்றின் குடம்பிகளும் இடம்பெயர்கின்றன.

தமிழகத்தில் பாதிப்பு

எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் மீனவர்கள் "காக்கா ஆழி" என அழைக்கும் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்னும் சிப்பி பரவியுள்ளது. இதன் தாயகம் நடு, தென் அமெரிக்கக் கடற்கரைகள் ஆகும். கேரளத்தின் காயல்களில் இது காணப்படுவது 2019 இல் வெளியான ஆய்வுகளில் பதிவாகியது. இச்சிப்பி நீரடித் தரையைப் பாய் விரித்தாற்போல் மூடுவதால், சேற்றில் புதைந்து வாழும் இறாலும் உள்ளூர் மட்டிகளும் இடமிழக்கின்றன. கையால் இறால் பிடிப்போரின் வாழ்வாதாரம் இதனால் பாதிக்கப்படுகின்றது. சமநிலை நீர் வழியாக இது வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. எனினும் கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியும் சிப்பிகள் பரவக்கூடும்.

பன்னாட்டு விதிகள்

அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2004 இல் ஏற்றுக்கொண்ட சமநிலை நீர் உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் இரண்டு தரநிலைகள் உள்ளன.

* டி-1: கரையிலிருந்து இயன்றவரை 200 கடல் மைல் தொலைவில், குறைந்தது 200 மீட்டர் ஆழமுள்ள கடலில், நீரின் 95 விழுக்காட்டை மாற்ற வேண்டும்.
* டி-2: வெளியேற்றும் நீரில், 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிரிகள் ஒரு கனமீட்டருக்கு 10 இற்கும் குறைவாகவே உயிருடன் இருக்கலாம். வாந்திபேதிக் கிருமி உள்ளிட்ட நுண்ணுயிரிகளுக்கும் வரம்புகள் உண்டு.

டி-1 இடைக்கால ஏற்பாடாகவே அமைந்தது. 2024 செப்டம்பர் 8 இற்குப் பின் டி-2 பொதுவான தேவையாகியது.

கடைப்பிடிக்கும் முறை

ஒவ்வொரு கப்பலிலும் ஒப்புதல் பெற்ற மேலாண்மைத் திட்டமும் பதிவேடும் இருத்தல் வேண்டும். 400 மொத்தத் டன்னும் அதற்கு மேற்பட்டதுமான கப்பல்களுக்குச் சான்றிதழும் தேவை. துறைமுக ஆய்வாளர் முதலில் ஆவணங்களைச் சரிபார்ப்பார். ஐயம் எழுந்தால் நீரின் மாதிரியை எடுத்துச் சோதிப்பார்.

நீர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டு, புறஊதாக் கதிராலோ மின்னாற்பகுப்பில் உருவாகும் குளோரினாலோ தூய்மையாக்கப்படுகின்றது. ஆற்றுமுகத் துறைமுகங்களின் சேற்றுநீர் வடிகட்டியை அடைப்பதுடன் கதிரின் ஊடுருவலையும் குறைக்கின்றது. உப்பு குறைந்த நீரில் போதிய குளோரின் உருவாவதில்லை. எனவே கருவி பொருத்தப்பட்டிருப்பது மட்டும் போதாது. அது முறையாக இயங்குவதும் கண்காணிக்கப்பட வேண்டும். அயல் உயிரினம் ஓரிடத்தில் நிலைபெற்றபின் அதை முற்றிலும் அகற்றுவது மிகக் கடினம் என்பதால், நீரை வெளியேற்றுவதற்கு முன் செய்யப்படும் தடுப்பே முதன்மையானதாகும்.