கைவிட்ட தண்டவாளத்தில் மீண்டும் நீராவி

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் பிச்சி ரிச்சி என்றொரு கணவாய் இருக்கிறது. அதன் வழியே போர்ட் அகஸ்டாவையும் குவார்ன் என்ற சிற்றூரையும் இணைக்கும் 39 கிலோமீட்டர் பாதையில் இன்றும் நீராவி ரயில் ஓடுகிறது. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் மூன்றரை அடிதான். எஞ்சின் ஓட்டுபவர், அடுப்பைக் கவனிப்பவர், டிக்கெட் பார்ப்பவர் எல்லாருமே தன்னார்வலர்கள்.

இந்தப் பாதை பிறந்தது கோதுமை ஆசையில். 1865-இல் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் காய்டர் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். அதற்கு வடக்கே மழையை நம்பி விதைக்கக் கூடாது என்றார். 1870-களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. ஏர் போகும் இடமெல்லாம் மழையும் வரும் என்று நம்பிய குடியானவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே ரயிலும் வந்தது. 1878-இல் வேலை தொடங்கி, 1879 டிசம்பரில் குவார்னுக்கு வண்டி வந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே வறட்சி திரும்பியது. காய்டர் சொன்னதே சரியாயிற்று; வயல்களும் வீடுகளும் பாழாயின.

ஆனாலும் பாதை நிற்கவில்லை. பாலைவனத்துக்குள் புகுந்து 1884-இல் மரீ, 1891-இல் ஊட்னடட்டா வரை போய், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே நின்றது. அதற்கு மேல் சரக்கைச் சுமந்தவை ஒட்டகங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள் அவற்றை நடத்தினார்கள். 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை ஓடத் தொடங்கிய 'கான்' ரயில் அவர்களுடைய பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் வடக்கே போன படைவீரர்களின் ரயில்கள் குவார்னில் நின்றன. ஊர்ப் பெண்கள் திரண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள்.

வெள்ளம் வந்தால் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போகும். கரையான் கட்டைகளைத் தின்னும். 1950-களின் நடுவில் மலையைச் சுற்றிச் சமவெளியில் அகலமான புதுப்பாதை போடப்பட்டதும் குவார்ன் ஒதுக்கப்பட்டது. 1980-இல் பழைய கான் பாதையும் மூடப்பட்டது.

அதற்கு முன்பே, 1973-இல், ஆர்வலர்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கணவாயின் பாலங்களையும், சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய தாங்குசுவர்களையும் அழியாமல் காப்பதே முதல் நோக்கம். ரயில் ஓடினால்தான் பாதை பிழைக்கும் என்று புரிந்ததும் அவர்களே ஓட்டத் துணிந்தார்கள். 1974-இல் குவார்னிலிருந்து முதல் வண்டி கிளம்பியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாதையைச் செப்பனிட்டு, 2001-இல் போர்ட் அகஸ்டா வரை போனார்கள்.

அவர்கள் மீட்டவற்றில் 'காபி பாட்' தனி அழகு. எஞ்சினும் பயணிகள் அறையும் ஒன்றாக இணைந்த, 1906-ஆம் ஆண்டு நீராவி வண்டி அது. 1925-இல் தயாராகி, ஒருகாலத்தில் கான் ரயிலையே இழுத்த என்.எம். 25 எஞ்சினும் இங்கேதான் இருக்கிறது.

அரசு தேவையில்லை என்று விட்ட பாதை, ஐம்பது ஆண்டுகளாகத் தன்னார்வலர்களின் உழைப்பால் பிழைத்திருக்கிறது. கடுங்கோடையில் ரயில் ஓடாது. போய்ப் பார்க்க நினைப்பவர்கள் வெயில் தணிந்த மாதங்களில் போவது நல்லது.