ஏரி மண்ணும் ஐயனார் புரவியும்

களிமண்ணைப் பிசைந்து சிறு உருவங்கள் செய்வது பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைப்போர் பலர். தமிழகத்து ஊர்ப்புற வழக்கங்களை உற்று நோக்குவார்க்கு அது விளையாட்டு மட்டும் அன்று என்பது விளங்கும். மழை பொய்த்தபோதும் பயிர் வாடியபோதும் பிணி பரவியபோதும் நம் முன்னோர் நாடியவற்றுள் குயவர் வீட்டு மண்ணும் ஒன்று. இன்று பருவநிலை மாற்றத்தை எடுத்துக்காட்டுவதற்கென மேலைநாட்டுச் சிற்பிகள் சிறு உருவங்கள் செய்து பொதுவிடங்களில் வைக்கின்றனர். அதனைப் புத்தம் புதிய முயற்சி என்று செய்தித்தாள்கள் பாராட்டுகின்றன. நம்மிடையே இப்பழக்கம் எவ்வாறு இருந்தது, அதன் உட்பொருள் யாது என்பதை ஆராய்தல் நலம். லுக்குட்டில் தோட்டப்பள்ளி ஆசிரியனாக இருக்கும் எனக்கு இதில் ஒரு தனி அக்கறையும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மண்ணுருவங்களின் தொன்மையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2014-ஆம் ஆண்டு முதல் கீழடியில் நடைபெற்றுவரும் அகழாய்வில் சுடுமண்ணாலான மனித உருவங்களும் விலங்குருவங்களும் கிடைத்துள்ளன. அவை வழிபாட்டுக்கு உரியனவா, பிள்ளைகளின் கைப்பொருளா என்று அவற்றைக் கொண்டே முடிவு கட்டுதல் அரிது. ஆதலின் ஊகத்தை விடுத்து, இன்றும் கண்ணாற் காணத்தக்க வழக்கத்துக்கு வருவோம்.

சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் புரவி எடுப்பு என்னும் விழா நடைபெறுகின்றது. புரவி என்பது ஐயனாருக்கு நேர்ந்து விடும் மண்குதிரை. விழா நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஊர்ப்பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்குடன் வேளார் கையில் கொடுப்பர். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். மண் கைமாறிய பிறகுதான் வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்துப் பதமாக்குவர். நான்கு கால்களையும் உள்ளீடற்ற உருளைகளாக முதலில் நிறுத்தி, அவை சற்று இறுகிய பின் மேலே உடலை வளையம் வளையமாக ஏற்றுவர். ஈர மண் தன் சுமையைத் தானே தாங்க வேண்டுமாதலின் ஒரே நாளில் முடிக்க இயலாது. காய்ந்த பின் வைக்கோலும் விறகும் வறட்டியும் அடுக்கிச் சுடுவர். சுட்ட குதிரைக்கு வெள்ளை பூசி வண்ணம் தீட்டுவதும் உண்டு. விழாவன்று கண் திறந்து, மாலை சூட்டி, தோளில் சுமந்து ஐயனார் கோயிலுக்குக் கொண்டு செல்வர். குதிரையோடு காளையும், பிள்ளை வரம் வேண்டியோர் செய்வித்த மதலை எனப்படும் குழந்தை உருவங்களும், நோய் நீங்கியோர் செலுத்தும் கை, கால், கண் உருவங்களும் உடன் செல்லும். மழையும் விளைச்சலும் வேண்டி ஊரார் பொதுவில் எடுப்பது புரவி. மற்றவை தத்தம் வீட்டு நேர்த்திக்கடன்.

ஐயனார் யார்? ஊர்க்காவலர் என்பது எல்லாரும் அறிந்தது. பல ஊர்களில் அவர் ஏரிக்கரைக் காவலரும் ஆவர். இராசபாளையத்துக்கு அருகே நீர்காத்த ஐயனார் என்ற பெயரிலேயே கோயில் உண்டு. குளம் காத்த ஐயனார் என்ற பெயரும் தென்பாண்டி நாட்டில் கேட்கக் கூடியதே. கரை உடைந்தால் ஊர் அழியும். கரை காக்கும் தெய்வம் கரையில்தானே இருக்க வேண்டும்? வேளார் வனையும் மண்ணோ அதே ஏரியின் வண்டல். நீர் நிறைந்திருக்கும் காலத்தில் அதனை எடுக்க முடியாது. வற்றிய கோடையில்தான் ஏரிக்குள் இறங்கி மண் வெட்டலாம். ஊரார் வெட்டவெளியான ஏரிப் படுகையில் நடந்து சென்று, எங்கே மேடிட்டிருக்கிறது, எங்கே கரை அரித்திருக்கிறது, மதகு எந்நிலையில் உள்ளது என்று பார்க்கும் வாய்ப்பு அப்போது வாய்க்கின்றது.

ஒரு குதிரைக்கு வேண்டிய மண்ணை எடுத்ததால் ஏரி ஆழமாகிவிடாது. அவ்வாறு சொல்வது மிகை. ஆனால் ஆண்டுதோறும் ஊர் முழுதும் தன் ஏரியின் அடியைச் சென்று கண்டது என்பது சிறிய செய்தியன்று. மழைக்காக இறைவனிடம் குதிரையைக் கொடுத்த ஊர், அந்தக் குதிரையின் பொருட்டாகவே மழைநீர் தங்கும் இடத்தையும் நினைவில் வைத்திருந்தது என்பது என் கருத்து. குடிமராமத்து என்று நாம் கூறும் ஊர்ப்பொது உழைப்பும் இத்தகைய பழக்கங்களின் நடுவே வளர்ந்ததே. வெள்ளையர் ஆட்சியில் அவ்வுழைப்பு தளர்ந்தபோது, 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வழக்கம் செய்த வேலையைச் சட்டத்தால் முழுதும் செய்விக்க முடியவில்லை. இன்று தமிழகத்தில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் கணக்கில் உள்ளன. அவற்றுள் தூர்ந்து கிடப்பன பல. வண்டலையும் களிமண்ணையும் உழவரும் குயவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே இசைவு பெறலாம் என்று 2024-இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. ஏரிக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவை அரசே மீண்டும் ஏற்றுக்கொண்டது எனலாம்.

புரவி கோயிலுக்குப் போன பின் என்ன ஆகின்றது? ஒன்றும் ஆவதில்லை. அது வெயிலிலும் மழையிலும் நிற்கும், காது உதிரும், கால் ஒடியும், செடி முளைக்கும், கடைசியில் மண்ணோடு மண்ணாகும். யாரும் அதைச் செப்பனிடுவதில்லை. அடுத்த விழாவுக்குப் புதுக்குதிரை வரும். மதுரை வட்டார வேளாரைப் பற்றி ஆராய்ந்த கானடா நாட்டு அறிஞர் ஸ்டீபன் இங்லிஸ் 1980-இல் தம் நூலை வெளியிட்டார். வேளார் உருவம் செய்வோர் மட்டுமல்லர், பூசாரிகளுமாவர் என்பதையும், அழியக்கூடிய உருவத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதே அவர்தம் மரபு என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். கற்கோயிலைக் கட்டியவன் காலத்தை வெல்ல நினைத்தான். வேளாருக்கு அந்த எண்ணமே இல்லை.

புரவியை மதிப்போர் சிலர் கொடும்பாவியைக் கண்டு முகம் சுளிப்பர். மழையற்ற ஆண்டில் வைக்கோலாலோ மண்ணாலோ ஓர் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்துச் சென்று, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் எரிக்கும் வழக்கம் அது. எவனோ ஒரு கொடிய பாவி ஊரில் இருப்பதால்தான் மழை நின்றது என்பது நம்பிக்கை. இது மூடநம்பிக்கை என்பதில் ஐயமில்லை; பொம்மையை எரித்தால் மேகம் கூடாது. எனினும் மனிதன் செய்த தவறு வானத்தைக் கெடுக்கும் என்ற எண்ணம் அதனுள் கிடக்கின்றது. ஹவாயித் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-இல் 420 பங்குக்கு மேல் இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததே இதற்குத் தலையாய காரணம். கொடும்பாவி ஒருவன் அல்லன் என்பது மட்டுமே நாம் புதிதாகக் கற்றது.

2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெர்லின் நகரத்துச் சதுக்கம் ஒன்றில், பிரேசில் நாட்டுச் சிற்பி நெலே அசெவெடோ பனிக்கட்டியாலான ஆயிரம் சிறு மனித உருவங்களைப் படிக்கட்டுகளில் அமர வைத்தார். வெயிலில் அவை கண்ணெதிரே கரைந்து ஓடின. துருவப் பனி உருகுவதை மக்கள் உணரச் செய்த அரிய காட்சி அது. பார்வையாளரும் கைகொடுத்து அவ்வுருவங்களை அமர்த்தினர். ஆயினும் அது ஒரு நாள் காட்சியே. புரவியோ மண் மிதிப்பது முதல் சுமப்பது வரை ஓர் ஊரின் பல வார உழைப்பு. அடுத்த விழாவுக்கு மீண்டும் தொடங்குவது.

கரையாத உருவங்கள் வந்ததே நம் காலத்தின் கேடு. பிள்ளையார் சதுர்த்திக்குச் சுடாத களிமண்ணால் கையளவு பிள்ளையார் பிடித்து, வழிபட்டு, நீரில் விடுவது பழைய முறை. இரண்டொரு நாழிகையில் அது குளத்துச் சேற்றோடு சேர்ந்துவிடும். பிறகு பாரிஸ் சாந்தினால் வார்த்த பேருருவங்கள் பெருகின. ஜிப்சத்தைச் சூடாக்கிச் செய்யும் அச்சாந்து நீரில் எளிதில் கரையாது. மேலே பூசிய வண்ணங்களிலோ ஈயம் முதலிய நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். இந்திய நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் நெறிமுறைகள் வகுத்து, 2020-இல் அவற்றைத் திருத்திப் பாரிஸ் சாந்து உருவங்களுக்குத் தடை கூறியது. 2023 செப்டம்பரில் இவ்வழக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குச் சென்றது. விற்பனைக்கு இடந்தந்த தனி நீதிபதியின் ஆணையை இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்தி வைத்தது; உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. களிமண்ணுக்கு நீதிமன்றம் வரை சென்று வழக்காட வேண்டிய நிலை!

இனி நம் மலேசியத் தோட்டங்களுக்கு வருவோம். ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன்மார் மாரியம்மனையும் முனியாண்டியையும் ஐயனாரையும் உடன் கொண்டுவந்தனர். ஏரியைக் கொண்டுவர முடியவில்லை. இங்கே மழைக்குப் பஞ்சமும் இல்லை. விடியலில் மழை பெய்தால் பால்மரத்துப் பட்டை நனைந்து வேலை நின்றுபோகும். அன்றைய கூலிக்கும் இடர் வரும். தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் மழையை வேண்டியவன் மகன், நெகிரி செம்பிலானில் மழையை அஞ்சினான். புரவிக்கு இங்கே வேலையில்லாமற் போனதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன். வனைவதற்குக் குயவரும் பெரும்பாலான தோட்டங்களில் இல்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் குயவர் பொங்கற் பானை செய்யும் தொழிலைக் காத்து வருகின்றனர். தோட்டக் கோயில்களில் முதலில் கல்லும் சூலமும் நின்றன. பின்னர்ச் சிமெண்டுக் குதிரைகள் வந்தன. அவை கரையா, ஆண்டுக்காண்டு புதிதாகச் செய்யவும் வேண்டா.

ஆனால் காலம் மீண்டும் மாறிவிட்டது. 1997-இல் புகைமூட்டம் பள்ளிப் பிள்ளைகளை மூச்சுத் திணற வைத்தது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடிநீரைப் பங்கிட்டுக் கொடுத்தனர். 2021 டிசம்பரில் வெள்ளம் பல ஊர்களை மூழ்கடித்தது. லுக்குட்டின் நிலம் எத்தனை முறை புரட்டப்பட்டதென்பதை வரலாறு காட்டும். ராஜா ஜுமாஅத் 1847-இல் கோட்டை எழுப்பிய காலத்தில் இது ஈயச் சுரங்க ஊர். 1880-இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து சுங்கை ஊஜோங்குடன் சேர்ந்தது. பின்னர் ரப்பர், அதன்பின் செம்பனை, இப்போது வீடமைப்பு. நிலம் கைமாறும்போது தோட்டக் கோயிலும் இடம்பெயர்கின்றது. அவ்வாறு பெயரும்போது பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் புதிய இடத்தில் வைப்பதுண்டு. புரவி மறந்தது, பிடிமண் மறக்கவில்லை.

கலைக்கல்விப் பாடத்தில் களிமண் உருவம் செய்யும் பயிற்சி உண்டு. கடையில் வாங்கும் நிறக்களி எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது, காயாது, கரையாது. ஆதலின் எங்கள் பள்ளியில் பொங்கலுக்குக் காளை செய்யத் தோட்டத்துக் கான் மண்ணை எடுக்கின்றோம். கான் அடைத்துக்கொண்டால் செம்பனையின் வேரடியில் நீர் தேங்குமாதலின், அதனை வெட்டிச் சேற்றைக் கரையில் போடுவர். அம்மண்ணில் வேரும் மணலும் மிகுதி. நீரில் கரைத்து, சல்லடையில் வடித்து, இரண்டு நாள் தெளியவிட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்டால் பிடிக்கும் பதம் வரும். எந்தக் கானில் நல்ல மண் கிடைக்கும் என்பதை இப்போது ஆசிரியரைவிட ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே நன்றாக அறிவர். எந்தக் கான் அடைத்துக் கிடக்கிறது என்பதையும் அவர்களே வந்து சொல்கின்றனர்.