பாரிஷ் முதல் கவுன்சில் வரை: இங்கிலாந்தில் எரிபொருள் உதவியின் நெடும்பயணம்

வறியவர் வீட்டில் குளிர்காய நெருப்பு இருக்கிறதா என்று பார்ப்பது யார் கடமை? 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் இங்கிலாந்தில் இதற்கு நேரான பதில் தந்தது: அந்தந்தப் பாரிஷ், அதாவது ஊர்த் தேவாலய வட்டாரம். நிலபுலன் உள்ளவர்களிடம் வரி திரட்டி, மேற்பார்வையாளர்கள் பணமாகவும் பண்டமாகவும் கொடுத்தார்கள். ரொட்டியோடு விறகும் கரியும் அந்தப் பண்டங்களில் அடங்கும். 1834-இன் திருத்தச் சட்டம் கடுமையானது. உடல் வலுவிருந்தும் கையேந்துபவர் உழைப்பு விடுதிக்குள் வரட்டும் என்றது.

1948-இல் தேசிய உதவிச் சட்டம் அந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டியது. வறுமை உதவி மைய அரசின் பொறுப்பானது. பின்னர் வந்த துணை உதவித்தொகைத் திட்டத்தில், முதியவர்கள், நோயாளிகள் போன்றோருக்கு வீட்டைச் சூடாக்க வாரந்தோறும் தனித்தொகை கிடைத்தது.

1988-இல் அந்தத் தனித்தொகை நின்றது. அவசரத் தேவைகளுக்குச் 'சமூக நிதி' வந்தது. அதில் ஒரு பகுதிதான் மானியம். மற்றது கடன், அதுவும் பின்னர் உதவித்தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளப்படும். ஒவ்வோர் உள்ளூர் அலுவலகத்துக்கும் ஆண்டு வரம்பு உண்டு. ஆக, கேட்டவரின் தேவையோடு கஜானாவின் இருப்பும் சேர்ந்தே முடிவைத் தீர்மானித்தது. உரிமை சலுகையாக மாறிய இடம் இதுதான்.

அடுத்த திருப்பம் 2013 ஏப்ரலில். சமூக நிதியிலிருந்து வந்த நெருக்கடிக் கடனையும் சமூகப் பராமரிப்பு மானியத்தையும் ஒழித்துவிட்டு, பணத்தை இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தது அரசு. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தத்தம் நாடு முழுமைக்கும் ஒரே திட்டம் வகுத்தன. இங்கிலாந்திலோ ஒவ்வொரு கவுன்சிலும் தன் போக்கில் நடக்க முடிந்தது. திட்டமே வைக்காமலும் இருக்க முடிந்தது. பழைய பாரிஷுக்கு இருந்த சட்டக் கடமை இந்தக் கவுன்சில்களுக்கு இல்லை. தனி ஒதுக்கீடும் 2015-க்குப் பின் நின்றுபோனதால், பல இடங்களில் திட்டம் சுருங்கியது, சில இடங்களில் மூடப்பட்டது.

அந்த நிலையில்தான் எரிசக்தி விலை ஏறியது. சராசரி வீட்டின் ஆண்டு எரிசக்திக் கட்டண உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. ஆறே மாதத்தில் 1,971 பவுண்டு. 2022 அக்டோபருக்கு 3,549 என அறிவிக்கப்பட்டதும், அரசு குறுக்கிட்டு 2,500 பவுண்டில் நிறுத்தியது. முதலில் திணறியவர்கள் முன்கட்டண மீட்டர் வைத்திருந்த குடும்பங்கள். பணம் போட்டால்தான் மின்சாரமும் எரிவாயுவும். சிறு அவசர இருப்பும் தீர்ந்துவிட்டால் வீடு இருளும். யாரும் வந்து இணைப்பைத் துண்டிப்பதில்லை. எனவே துண்டிப்புக் கணக்கிலும் இந்த வீடுகள் வருவதில்லை. வெளியே தெரியாத இந்த இருட்டுதான் இந்த வரலாற்றில் மிகக் கொடுமையான பகுதி.

2021 அக்டோபரில் 'குடும்ப ஆதரவு நிதி' பிறந்தது. மொத்தம் 50 கோடி பவுண்டு. இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு அதில் 42.1 கோடி. குறைந்தது பாதி, குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு. பல கவுன்சில்கள் வவுச்சர் கொடுத்தன. அதைத் தெருமுனைக் கடையில் காட்டினால் மீட்டரில் பணம் ஏறும். உணவுக்கும் எரிபொருளுக்கும் என்று வந்த இந்த உதவி, அன்றைக்குத் தேவைப்பட்டது அன்றைக்கே கிடைத்த நல்ல ஏற்பாடு.

ஆனால் ஆயுள் ஆறு மாதம். நீட்டிப்பும் பெரும்பாலும் அப்படியே. 2024 மார்ச் 31-இல் முடியவிருந்த நிதி, மார்ச் 6-ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்தில்தான் உயிர் பெற்றது. மூன்று வாரத்துக்கு அப்பால் தெரியாத அலுவலகம் எந்த ஊழியரை நியமிக்கும், எந்தக் குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்கும்?

2025 ஜூனில், இதற்கு மாற்றாகப் பல்லாண்டு ஒதுக்கீட்டுடன் புதிய நெருக்கடி நிதி அறிவிக்கப்பட்டது. தொடக்கம் 2026 ஏப்ரல். ஆண்டுக்கு 100 கோடி பவுண்டு. இங்கிலாந்தின் பங்கு 84.2 கோடி. தள்ளாட்டம் குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதுவும் மானியமே. நாடாளுமன்றம் இதைக் கவுன்சில்களின் சட்டக் கடமையாக்க வேண்டும். அதற்கான பணத்தையும் உறுதி செய்ய வேண்டும்.